ஐந்நூறு டாலர் பிள்ளை

அமெரிக்காவில் டெக்சஸின் காப்பெல் ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் அனந்தராமன் அங்கிள் ஒரு செய்தி போட்டால் போதும், செழியனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இந்த முறை வந்தது பிள்ளைகளுக்கான வரிச்சலுகையைப் பற்றி. தொகையைக் கூட்டப் போகிறார்களாம். ஆனால் தாய், தகப்பன் இருவருக்குமே சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்க வேண்டுமாம். வெறும் யோசனைதான், இன்னும் சட்டமாகவில்லை. அதற்குள் பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதையாக, செழியன் லேப்டாப்பும் கையுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் மனைவி வான்மதிக்கு அந்த நம்பர் கிடையாது. வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் வந்தவளுக்கு யார் கொடுப்பார்கள்? வரிக் கணக்குக்கென்று வேறொரு நம்பர் இருக்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக இந்த மனுஷனுக்கு டிபன் பாக்ஸ் கட்ட எந்த நம்பரும் தேவைப்படவில்லையே என்று நினைத்துக்கொண்டே தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அவன் வாய் சும்மா இருந்தால்தானே. ஏற்கெனவே பெரியவள் வெண்பா ஈரோட்டில் பிறந்ததால் அவளுக்கும் அந்த நம்பர் இல்லை, ஐந்நூறு டாலர்தான் கிடைக்கிறது, இங்கேயே பிறந்த சின்னவன் க்ரிஷ்ஷுக்குத்தான் முழுசாக வருகிறது, இப்போது அதற்கும் ஆபத்து என்று அடுக்கிக்கொண்டே போனான். கடைசியில் வருஷா வருஷம் விடுகிற அதே பெருமூச்சு: வெண்பா மட்டும் இங்கே பிறந்திருந்தால்!

வான்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்தாள்.

"ஏனுங்க, ஏழாம் மாசம் என்னைய ஃப்ளைட் ஏத்தி விட்டது யாருங்க? தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான் ஆகோணும்னு நீங்களும் உங்கம்மாவும் ஒத்தக்கால்ல நின்னீங்க. பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்குதுன்னு நான் சொன்னப்ப காதுல வாங்குனீங்களா?"

அப்போது யாருக்குத் தெரியும் என்று செழியன் முனகினான். தனக்குத் தெரிந்திருந்தது என்று வான்மதிக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மேசையின் மறுகோடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த வெண்பாவை இருவருமே மறந்து போயிருந்தார்கள். பத்து வயது. தமிழில் எது பேசினாலும் புரியும், பதில்தான் ஆங்கிலத்தில் வரும். இது சட்டமானால் தம்பிக்கும் ஐந்நூறுதானா என்று அவள் கேட்டாள். ஆமாம், அதுதான் அப்பாவுக்குக் கவலை என்றான் செழியன்.

வெண்பா பென்சிலை உருட்டினாள்.

"தென் ஐ ஹோப் இட் பாசஸ், அப்பா."

அப்படியானால் அது சட்டமாகட்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி கணக்கை எழுத ஆரம்பித்தாள். செழியன் லேப்டாப்பை மூடினான். அவனை இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று நின்றிருந்த வான்மதிக்கு அழுகைதான் வந்தது.