பீட்டாவுக்குத் தொப்பி

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்த வெற்றிச்செல்வனுக்குப் புள்ளியியலில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பீட்டா (β) என்ற எழுத்துக்குத் தலையில் தொப்பி வைக்க வேண்டும். தொப்பி போட்ட பீட்டா நாம் கணக்குப் பண்ணி மதிப்பிட்டது, போடாதது யாருக்கும் தெரியாத நிஜமானது என்று அவன் மனைவி கலைப்பிரியா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் மண்டையில் ஏறவில்லை. ஏறாவிட்டால் போகட்டும், தன்னைப்போல் லட்சணமாகத் தொப்பி வைக்க இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்பது அவன் நினைப்பு.

கலைப்பிரியா விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே பி.எச்.டி. செய்தாள். மழைக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைச்சலுக்கும் உள்ள உறவுதான் ஆராய்ச்சி. R என்ற மென்பொருளில் வரைபடம் போடுவாள். படமெல்லாம் ஜோராக வரும். அதன்மேல் எழுத வேண்டிய கணிதக் குறிகள் மட்டும் படுத்தி எடுக்கும். மழையோடு விளைச்சல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் R²-இல், தலைக்கு மேலே சின்னதாக இருக்க வேண்டிய 2, பக்கத்தில் பெரிதாக வந்து குந்திக்கொள்ளும். β கேட்டால் அதை இங்கிலீஷ் எழுத்தில் நீட்டி எழுதி வைக்கும். ஒருநாள் அவள் கண்கலங்கிவிட்டாள்.

"அடச்சே, இதுக்குப் போயா அழுவுறே? படத்த மட்டும் வெறுமனே குடு. எழுத்த நான் வெக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டான் வெற்றி.

அதுவே வழக்கமாகிவிட்டது. கல்லூரி விட்டதும் பஸ் பிடித்து நேராகக் கடைக்கே வருவாள். அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காதுகுத்தையும் மஞ்சள் நீராட்டையும் ஓரங்கட்டிவிட்டு, அவள் படத்தைத் திறப்பான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் மேல... ஐயோ, அவ்ளோ மேல இல்லங்க... தொப்பி கோணலா இருக்குது பாருங்க" என்று அதிகாரம் பண்ணுவாள். இடையில் ஒரு டீயும் சமோசாவும் வரும். பத்தாவதில் கோட்டை விட்ட நான் டாக்டர் பட்டத்துக்கே தொப்பி போடுகிறேன் என்று அவன் கடைத்தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தான். ஆனால் உள்ளுக்குள் உதறல்தான். இவள் டாக்டராகிவிட்டால் நம்மிடம் பேச என்ன இருக்கும்? அவள் படிப்புக்குள் அவன் கால் வைக்க இருந்த இடம் அந்தத் தொப்பி ஒன்றுதான்.

2012 கார்த்திகை மாதம். கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த காலம். ஒரு மத்தியானம் கலைப்பிரியா அரைநாள் லீவு போட்டுவிட்டு, மூச்சிரைக்கக் கடைக்குள் வந்து நின்றாள்.

"மோசம் போயிட்டோங்க."

"இன்னா ஆச்சு?"

"விக்கிரவாண்டி, பனமலை, திருவாமாத்தூர், மரக்காணம். நாலு ஊரு படத்துலயும் R² 0.81னு இருக்குது. நாலு ஊருக்கும் ஒரே நம்பர் எப்படி வரும்? மரக்காணத்துக்கு 0.34தாங்க!"

என்ன நடந்திருக்கும் என்று வெற்றிக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஃப்ளெக்ஸ் தொழிலில் யாரும் புதிதாக ஆரம்பிப்பதில்லை. போன கல்யாண பேனரைத் திறந்து, மாப்பிள்ளை பேரை அழித்து, அடுத்தவன் பேரைப் போடுவதுதான் பழக்கம். என்றைக்காவது பழைய மாப்பிள்ளை அப்படியே நின்றுவிடுவான், பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதே கைப்பழக்கத்தில் விக்கிரவாண்டி எழுத்தை மற்ற மூன்று ஊருக்கும் காப்பி அடித்தவன், நம்பரை மாற்ற மறந்துபோயிருந்தான்.

"கைடு இன்னா சொல்றாரு?"

"வேங்கடேசன் சார் நாளைக்கு டெல்லி போறாராம். மூணு மணிக்குள்ள சரியான படத்த மெயில்ல அனுப்பினா இன்னிக்கே தீசிஸ்ல சேத்து யுனிவர்சிட்டிக்கு அனுப்புறேன்றாரு. இல்லன்னா இந்தத் தடவ அவ்ளோதான். ஆறு மாசம் போயிடும்."

மணி இரண்டு. கரண்ட் நாலு மணிக்குத்தான் வரும். யுபிஎஸ் எப்போதோ கத்தி ஓய்ந்திருந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்த சிநேகிதனுக்குப் போன் போட்டான். அது கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தது.

"ஆறு மாசம்! என்னாலதான் எல்லா பேஜாரும்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"சும்மா இருங்க" என்று அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். பேட்டரி பாதி இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு, R-ஐத் திறந்து மடமடவென்று கமாண்டுகளை அடித்தாள். குறிகளுக்கு எக்ஸ்பிரஷன் என்றாள், தொப்பிக்கு ஹேட் என்றாள், நம்பர் நிற்க வேண்டிய இடத்தில் நம்பரை எழுதாமல், கணக்கின் விடையையே எடுத்து வைக்கும்படி ஏதோ ஒரு வரி எழுதினாள். எல்லாம் தனக்குத்தானே முணுமுணுத்தபடி.

முதல் படம் வந்தது. β வந்தது. தலையில் தொப்பியோடு வந்தது. R-க்கு மேலே 2 சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அடுத்தடுத்து நாலு ஊரும் வந்தன, ஒவ்வொன்றும் அதனதன் நம்பரோடு. மரக்காணத்தில் 0.34. டேட்டா கார்டைச் செருகி மெயில் அனுப்பினாள். சிறிது நேரத்தில் போன் அடித்தது. "கெடச்சுதும்மா, அனுப்பிடறேன்" என்றார் வேங்கடேசன்.

அவள் "அப்பாடா" என்று சுவரில் சாய்ந்தாள். வெற்றிக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது.

"இத எப்போ கத்துக்கினே?"

அவள் டேட்டா கார்டைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"கேக்குறேன் இல்ல?"

"ஆடி மாசம்."

"ஆடி மாசமா? ஆவணி, புரட்டாசி, ஐப்பசி பூரா என்கிட்ட குடுத்துக்கினு இருந்தியே?" அவன் குரல் கம்மியது. "ஐயோ பாவம், இவனுக்கும் எதுனா வேல குடுப்போம்னு குடுத்தியா?"

"பாவமா? உங்களப் பாத்தா?" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "காலேஜுக்குப் போனா எல்லாருக்கும் மேடம். ஊட்டுக்கு வந்தா உங்க அம்மாவுக்கு மருமவ, புள்ளைக்கு அம்மா. நீங்களோ சாப்புட்டதும் பேனர் கட்டக் கெளம்பிடுறீங்க. இந்த ஸ்டூல்ல குந்திக்கினு, மேல தள்ளுங்க கீழ தள்ளுங்கன்னு உங்கள வெரட்டிக்கினு இருக்கசொல்லத்தான் எனக்கும் ஒரு புருசன் இருக்கறான்னே தெரியுது. அந்தப் பாழாப்போன கமாண்டு கெடச்சிட்டுதுன்னு அத விட்டுடுவேனா?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. இத்தனை மாதம் பயந்து செத்தோமே, மடையன் மடையன் என்று வெற்றி தன்னையே திட்டிக்கொண்டான். மேலே பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"ஏ, பிரியா."

"ம்."

"இது முடிஞ்சதும் இன்னொரு பி.எச்.டி. பண்றியா?"