தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. உதவித்தொகை அலுவலகத்தின் மேல்முறையீட்டுப் படிவத்தில், பதினான்காம் கேள்வியில் பிறந்தது. 'விண்ணப்பதாரரின் நிலையை விவரிக்கவும்' என்று கேட்டுவிட்டு ஆறு கோடு போட்டிருக்கிறார்கள். ஆறாவது கோட்டுக்கு அடியில் பொடி எழுத்தில்: இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும். இது அந்தத் தனித்தாள்.

விண்ணப்பதாரர் என் மனைவி. நான் தண்ணீர் பம்புகளோடு பெட்டியில் வரும் கையேடுகளை எழுதுபவன். உலகத்தில் யாரும் படிக்காத எழுத்து என்னுடையது. [மோட்டார் புகைந்த பிறகு சிலர் படிக்கிறார்கள்.] எண் போட்டுப் போட்டு எழுதியே பழகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இனி அவளைத் தராசுக்காரி என்றே சொல்கிறேன். 'விண்ணப்பதாரர்' என்று எழுதினால் எனக்கே அவள்மேல் சந்தேகம் வருகிறது.

2

முதல் தொடக்கம்:

பாவம், ஒரு காலத்தில் ஓடியாடி உழைத்த அந்தக் கைகள் இன்று —

தராசுக்காரி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பாவம்?"

"சும்மா, ஒரு ஆரம்பத்துக்கு..."

"கை எங்கங்க ஓடியாடிச்சு? நான் உட்கார்ந்து பார்க்கிற வேலை. தராசு முன்னாடி எவளாவது ஓடுவாளா?"

இரண்டாம் தொடக்கம்:

நோயை வென்று மீண்டும் பணிக்குத் திரும்பிய வீராங்கனை —

இதற்கு அவள் சிரித்தாள். அது இன்னும் மோசம். [தவிர, இதைப் படித்தால் நீங்கள் அன்றைக்கே உதவித்தொகையை நிறுத்திவிடுவீர்கள். வீராங்கனைகளுக்கு நீங்கள் தருவதில்லை.]

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

தராசுக்காரி பதினாறு வருடம் ஒரு தராசுப் பட்டறையில் இருந்தாள். கடைத் தராசு, மருந்து நிறுக்கும் தராசு, பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கும் தராசு, எல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எடைக்கல்லை விரலால் தொடமாட்டாள், இடுக்கியால்தான். விரல் ஈரம் ஒட்டினாலும் கல் கனத்துவிடுமாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்து வடிய வடிய, ஒவ்வொரு கல்லையும் மூன்று முறை நிறுத்து மூன்றையும் எழுதுவாள். மூன்றும் வேறு வேறாக இருந்தால் வேறு வேறாகவே எழுதுவாள். சராசரி போட்டால் கோளாறு ஒளிந்துகொள்ளும் என்பது அவள் கட்சி. பதினாறு வருடமும் அதையே சொல்லிப் பட்டறையில் அத்தனை பேர் உயிரையும் வாங்கியிருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் நரம்பில் நோய் வந்தது. [பெயருக்கு, படிவத்தின் இரண்டாம் பக்கம் பார்க்கவும். எனக்கு அது இன்னும் வாயில் நுழையவில்லை.] ஒரு நாள் விட்டுவிடும், ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். பிடித்த நாளில் அவளுக்குப் பொத்தான் போட்டுவிடுவது, தலை வாருவது, ஊட்டிவிடுவது எல்லாம் நான்தான். வகிடு எனக்கு நேராக வராது. அதற்கும் அவளிடம் திட்டு உண்டு.

அரசாங்கம் உதவித்தொகையும் மருந்து அட்டையும் தந்தது. அட்டையைக் காட்டினால் மாதம் ஓர் ஊசி. அதை விலை கொடுத்து வாங்க எங்களால் ஆகாது. அட்டை போனால் ஊசி போகும், ஊசி போனால் அவளுக்கு இருக்கிற நல்ல நாளும் போகும். இந்தக் கதையில் போகக்கூடியது அவ்வளவுதான்.

4

போன வருடம் உங்களிடமிருந்து அன்பான கடிதம் ஒன்று வந்தது. வேலைக்குத் திரும்ப விருப்பமா? ஒன்பது மாதம் முயன்று பாருங்கள், அதுவரை தொகையும் அட்டையும் தொடரும். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். சும்மா இருக்கிற அலுவலகத்தை ஏன் சொறிந்துவிட வேண்டும்? ஆனால் பட்டறை முதலாளியும் அதே வாரம் போன் செய்தார்.

"வாம்மா. நீ இல்லாம எல்லாத்துலயும் 'சரி'ன்னு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிக்கிட்டிருக்கோம். எனக்கே பயமா இருக்கு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாரத்துல ரெண்டு காலை நேரம்தாங்க. போயிட்டு வர்றேனே."

போனாள். முதல் நாள் திரும்பி வந்தவள் வாய் ஓயாமல் பேசினாள். குழந்தைத் தராசு ஒன்று தப்பாகக் காட்டிக்கொண்டே ஆறு மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறதாம். "எத்தனை அம்மாங்க பிள்ளை கனம் ஏறலைன்னு அழுதாங்களோ!" என்று அவளே மூக்கை உறிஞ்சினாள். அப்படி அவள் பேசிக் கேட்டு வருடம் ஒன்றாகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயமாகவும் இருந்தது.

5

ஏழாம் மாதம் நீங்கள் ஒரு படிவம் அனுப்பினீர்கள். 'பேனா அல்லது கருவியைத் தொடர்ந்து எத்தனை நிமிடம் பிடிக்க முடியும்?' பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்.

மற்றவர்கள் 'சுமார் பத்து' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். தராசுக்காரிக்கு சுமார் வராது. கடிகாரத்தை எதிரே வைத்து, இடுக்கியைக் கையில் பிடித்து, நாற்பத்திரண்டு நாள் அளந்தாள், நாளுக்கு மூன்று முறை. நான்கு, முப்பத்தொன்று, ஏழு, பூஜ்யம், பூஜ்யம், பன்னிரண்டு... நூற்றிருபத்தாறு எண். கட்டத்தில் 'தாள் பார்க்கவும்' என்று எழுதி, தாளை இணைத்து அனுப்பினாள்.*

பதில் வந்தது. உச்ச அளவு முப்பத்தொன்று ஏற்கப்படுகிறது. வேறு கையெழுத்தில் உள்ள பதிவுகள் ஏற்கப்படவில்லை. இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெடுக்கும் ஒருவர் முழுநேர வேலைக்குத் தகுதியானவர் எனக் கருதப்படுகிறது. அடுத்த மாதம் முதல் தொகையும் அட்டையும் நிறுத்தம்.

* பூஜ்யங்களை எழுதியது நான். அந்த நாட்களில் அவளால் பேனா பிடிக்க முடியவில்லை.

6

உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். மூன்றாம் ஜன்னலில் இருந்தவர் நல்ல மனிதர், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

"கட்டத்துல ஒரு எண்ணுதான் சார் ஏறும்."

"அப்ப பூஜ்யத்தை ஏத்தியிருக்கலாமே?"

"அது உங்க கையெழுத்துல இருக்கே."

"அவளால எழுத முடியலை சார். அதனாலதான் அது பூஜ்யம்!"

"புரியுது சார். அதை அவங்க கையாலயே எழுதிக் குடுத்துடுங்க, பார்க்கலாம்."

கிண்டலே இல்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

7

முடிவு அ. நான் இடது கையால் கோணல்மாணலாக பூஜ்யம் எழுதப் பழகுகிறேன். நாற்பது பூஜ்யத்தில் கை தேறிவிட்டது. தராசுக்காரி தாளைப் பார்த்தாள்.

"எடைக்கல்லை விரலால தொடறீங்க."

"ஊசி போயிடும்டி! அப்புறம் எந்த இடுக்கியை எந்தக் கையால பிடிப்பே?"

கத்திவிட்டேன். கத்திவிட்டு நானே அழுதேன். [இந்த இடத்தை வெட்டிவிடவா என்று கேட்டேன். "வெட்டாதீங்க, அழுதீங்கதானே" என்றாள்.]

முடிவு ஆ. அவள் பட்டறையை விட்டுவிடுகிறாள். முயன்று பார்த்தேன், முடியவில்லை என்று ஒரு வரி. அட்டை திரும்பி வரலாம். இதை எழுதி அவள் முன்னால் வைத்தேன்.

"அட்டை இருக்கும். நான் இருக்கணுமேங்க" என்றாள்.

அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. பம்பு கையேட்டில் இந்த இடத்தில் 'தகுதியான மெக்கானிக்கை அணுகவும்' என்று போட்டுவிடுவேன்.

8

மேல்முறையீட்டில் விண்ணப்பதாரர் கையெழுத்து வேண்டும். கடைசித் தேதி இன்று வெள்ளிக்கிழமை.

கையெழுத்து நேராக விழுந்தால் கைக்கு என்ன கேடு என்பீர்கள். கோணினால் கோப்பில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்பீர்கள். நான் போட்டால் ஜெயில். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, தராசுக்காரி தன் தொழிலையே செய்தாள். மூன்று முறை அளந்தாள்.

திங்கட்கிழமை போட்டது முதல் கையெழுத்து. அச்சு மாதிரி இருக்கும். புதன்கிழமை போட்டது அதன் கீழே. நடுவில் கிளம்பிப்போய் ஓரத்தில் விழுந்திருக்கும். இன்று காலை பிடித்துக்கொண்டது. நான் பேனாவை அவள் விரலிடுக்கில் வைத்தேன். கையைத் தாங்கப் போனேன், தொடக் கூடாது என்றாள். விலகி நின்றேன். பேனா தாளில் பட்டது, ஓர் எறும்பு நீளத்துக்கு இழுத்தது, கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

"போதும், அதான் இன்னைக்கு அளவு. மூணையும் அனுப்புங்க. சராசரி போட வேண்டாம்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். மூன்றாவது கோட்டில் இருக்கும் கீறலை மைக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். ஜன்னலில் கேட்டீர்களே, அந்த பூஜ்யம், அவள் கையாலேயே எழுதியது.

9

இனி முடிவு. கடைசிப் பக்கத்தில் 'தகுதி உண்டு', 'தகுதி இல்லை' என்று இரண்டு கட்டம் இருக்கிறது. இரண்டிலும் நுழையாத ஒருத்தி செவ்வாய்க்கிழமை காலை, நோய் கையை விட்டால், பட்டறைக்குப் போவாள். ஊசி இருபதாம் தேதி. அந்தக் கட்டங்களில் நான் எதையும் குறிக்கக் கூடாதாம். மேலே அச்சடித்திருக்கிறீர்கள்:

அலுவலக உபயோகத்திற்கு மட்டும்.