சுவர்ப் பக்கம்

மார்ச் 9, திங்கட்கிழமை காலை, அரசுப் பல் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருக்குக் கீழ்வரிசைப் பற்கள் இரண்டு எடுக்கப்பட்டன. வயது நாற்பத்தெட்டு. மனைவி உடன் வந்திருந்தாள்.

அதற்கு முன் ஒரு வருடமாக அவர் சுவரைப் பார்த்தே படுத்தார். கடையில் முகத்துக்கு முகம் உட்கார்ந்து கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், வீட்டில் முதுகைத்தான் காட்டினார். முன்பெல்லாம் கடைக்கு வந்தவர்களைப் படுத்தபடியே நடித்துக் காட்டுவார். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். இப்போது முதுகிலிருந்த மச்சங்கள்தான் அவளுக்கு மனப்பாடம். காலையில் கடைக்குக் கிளம்பும்போது மட்டும் வாயில் கிராம்பு மணக்கும்.

"யாருக்குங்க இந்த வாசனை?"

"உன் சக்களத்திக்கு," என்றார், உதட்டை அதிகம் பிரிக்காமல். அவள் சிரிக்கவில்லை.

பல வருடமாக இருக்கிற சர்க்கரை நோயும் அடங்கவில்லை, மாத்திரை போட்டும் ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. "ஒளிச்சு வச்சு இனிப்பு குடுக்கறீங்களாம்மா?" என்று சர்க்கரைக்குப் பார்க்கிற மருத்துவர் அவளைத்தான் கேட்டார். அவருக்காகத் தன் வாயையும் சேர்த்துக் கட்டியவளுக்கு இந்தப் பழி.

"அவ எதுவும் தரல சார்." கையால் வாயை மறைத்தபடி சொன்னார் கடைக்காரர். மருத்துவர் அந்தக் கையை விலக்கச் சொன்னார். உள்ளே பார்த்ததும் பல் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தது ஓர் இளம் மருத்துவர். "ஈறுல ரத்தம் வருதா?"

"வருதுன்னுதான் அந்தப் பக்கம் தேய்க்கறதையே விட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. கிருமிக்கு வாடகையில்லாத வீடு. அது ஈறுப் புண் வழியா ரத்தத்துல போகுது. உடம்பு ஓயாம அதோட மல்லுக்கு நிக்குது, சர்க்கரை இறங்க மாட்டேங்குது. சர்க்கரை ஏறினா ஈறு இன்னும் கெடும். நெஞ்சு நோய்க்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்றாங்க."

அவர் தரையைப் பார்த்தார். "நாத்தம்?"

"அதுவும் அதுங்க வேலைதான்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "இதுக்கா ஒரு வருஷமா சுவரோட குடும்பம் நடத்தினீங்க?"

"உனக்குக் குமட்டுமேன்னுதான்."

"மூக்கைப் பொத்திக்கிட்டாவது அந்த மூஞ்சியப் பாத்திருப்பேனே."

ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்ய மறுபடி சில முறை போனார்கள். ஜூனில் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. மாத்திரை குறையவில்லை. அவர் இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்.