துவைக்கிற கல்லின் மேல் வைத்த நோட்டு

ஒன்பது வருஷமாகக் கொல்லைப்பக்கச் சந்து வழியாகவே வந்துபோன வேலைக்காரி பூங்காவனத்தை, அன்று வாசல் வழியாக அழைத்து வந்தது போலீஸ். மயிலாப்பூரில் அந்த வீட்டுக்காரர் வெங்கடரமணன் மடியாகப் பூஜைக்கு உட்காரப் போன நேரம். அவர் மனைவி வேம்புவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் ரகுபதி ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் காட்டினார். "கள்ள நோட்டு. தி.நகர் ஜவுளிக்கடைல பொண்ணுக்குப் பாவாடை எடுத்துட்டு இதை நீட்டியிருக்கா. உங்க வீட்டுச் சம்பளம்ங்கிறா."

"நான் இன்னாத்த கண்டேன் சார்? தீவாளி இனாமும் சேத்து வச்சிக்கீறாங்கன்னு சந்தோசமா எட்த்துக்கினு போனேன்," என்றாள் பூங்காவனம், படிக்குக் கீழே நின்றபடி. அவள் கன்னத்தில் விரல் தடம் பதிந்திருந்தது.

"தெரியாம வச்சிருந்தா குத்தமில்ல. கள்ள நோட்டுன்னு தெரிஞ்சே வச்சிருந்தா ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போகணும்." ரகுபதி வெங்கடரமணனைப் பார்த்தார். "நீங்க குடுத்தீங்களா சார்?"

"அவ கையில நான் எதுவும் குடுத்ததே கிடையாது. அவளையே கேளுங்கோ."

பொய்யில்லை. அந்த வீட்டில் யாருமே அவள் கையில் எதையும் கொடுத்ததில்லை, பட்டுவிட்டால் தீட்டு. சம்பளமானாலும் பழைய சோறானாலும் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். அந்தக் கேடுகெட்ட வழக்கம் இன்று பெரிய மனிதருக்குச் சாட்சி சொல்ல வந்து நின்றது.

"கையில குடுக்கல சார்," பூங்காவனம் விசும்பினாள். "கல்லு மேல கெடந்துச்சி. நாந்தான் எட்த்தேன்."

"வச்சது யாருன்னு பாத்தியா?"

இல்லையென்று தலையாட்டினாள். ரகுபதி ஜீப்பைக் காட்டி, "ஏறு," என்றார்.

"வச்சது நான்," என்றாள் வேம்பு.

வெங்கடரமணன் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "பாங்க்ல கள்ள நோட்டுன்னு சொன்னப்பவே கிழிச்சுப் போட்டிருக்கணும். இவர் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வாங்கிண்டு வந்துட்டார். இவ தலையில கட்டிடலாம்னார். நானும் தெரிஞ்சேதான் கொண்டுபோய் வச்சேன்."

"அம்மா, யோசிச்சுப் பேசுங்க. உங்க பேரையும் சேத்துத்தான் எழுதணும்."

"எழுதுங்கோ."

வேம்பு படியிறங்கினாள். பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அவளைத் தொட்டுட்டியேடி!" என்று அலறினார் வெங்கடரமணன். ஏழு வருஷம் என்று சொன்னது அவர் காதில் விழவே இல்லை.