துரை சாப்பிட்டாச்சு

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். ஐஸ் மாமா என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விடுவார்கள். முப்பது வருஷமாகக் குளிர்ப்பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிற மனிதர். பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். திறமைக்குக் குறைச்சல் இல்லை. கூடவே வாயும் உண்டு. "நான் கை வெச்ச பெட்டியில மீனைத் திறந்து வெச்சாலும் வாசனை வராது" என்பது போகிற வீட்டிலெல்லாம் அவர் சொல்கிற வசனம். உள்ளே வைத்ததை எடுத்துச் சூடாக்குவது, மிச்சத்தை மறுபடி உள்ளே வைப்பது இதெல்லாம் அவரைப் பொறுத்தவரை மகாபாவம். குளிர் அறுந்தால் சாப்பாடு விஷம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ வீட்டுப் பெண்களின் பொறுமையைச் சோதித்திருக்கிறார்.

அவருக்கு ஒரே தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். துணைக்கு ஒரு கிழட்டுப் பூனை. வயசு பதினாலு, வாயில் மிச்சம் நாலே பல். அது நடக்கிற தோரணையைப் பார்த்துத் துரை என்று கூப்பிடுவாள். கடிக்க முடியாது என்பதால் டின்னில் வருகிற கூழ் மாதிரியான சாப்பாடுதான் அதற்கு.

தங்கைக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன், ஐந்து நாள் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டார்கள். பூனையை யார் பார்ப்பது? கூடப் பிறந்தவன் இருக்கும்போது ஊராரிடமா போய் நிற்பாள். கிளம்புகிற அன்று அண்ணனைச் சமையலறையில் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"டின்னைத் திறந்ததும் மிச்சத்தை மூடி போட்டு ஃப்ரிட்ஜுல வெச்சிடுண்ணா. குடுக்கும்போது மட்டும் அப்படியே எடுத்துக் குடுத்திடாதே. கிண்ணத்தை வெந்நீர்ல கொஞ்ச நேரம் வெச்சு, விரலால தொட்டுப் பாரு. கைச்சூடு இருந்தா போதும்."

"துரைக்குச் சுடச்சுடப் பரிமாறணுமாக்கும். பக்கத்துல நின்னு விசிறியும் விடணுமா?"

"விளையாடாதேண்ணா. வயசான ஜீவன். உன்னை நம்பித்தான் போறேன்."

"ஃப்ரிட்ஜுல வெச்ச சாப்பாட்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ போய் உன் உடம்பைப் பாரு."

அவள் போனதும் அவர் செய்த முதல் காரியம், தங்கைக்கு உபகாரமாக அந்த ஃப்ரிட்ஜின் குளிர்க் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி வைத்தது. மறுநாள் காலையில் டின்னை எடுத்துக் கிண்ணத்தில் கவிழ்த்தார். கூழ் கட்டியாக விழுந்தது. துரை வந்து முகர்ந்தது. ஓரத்தில் ஒரு நக்கு. பிறகு அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"பசி வந்தா பத்தும் பறந்துடும்டா. நீயா நானான்னு பார்ப்போம்" என்றார்.

குளிர் விடுவதற்குள் தொடாததை மூடி உள்ளே வைத்தார். சாயங்காலம் அதையே எடுத்து முன்னால் வைத்தார். வெந்நீர் வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இரண்டு நிமிஷம். ஆனால் ஊருக்கெல்லாம் ஓதின வாய். ஒரு பூனைக்காக அதை மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை. வறட்டுப் பிடிவாதம் என்று இதற்குத்தான் பெயர், வேறு பெயர் இருந்தால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"துரை சாப்பிட்டானாண்ணா?"

"சாப்பிட்டாச்சு. கிண்ணத்தையே நக்கிட்டான். நீ தூங்கு."

வயிற்றில் தையலோடு கிடப்பவளை எதற்குக் கலவரப்படுத்துவது, நாளைக்கு எப்படியும் தின்றுவிடும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான் என்று நாமும் சொல்லிவிடலாம், ஒரு நாளோடு நின்றிருந்தால். இரண்டாம் நாளும் கேட்டாள், இரண்டாம் நாளும் சாப்பிட்டாச்சு. மூன்றாம் நாள், "என்னைத் தேடுறானாண்ணா?" என்று கேட்டாள். "உன்னையா? மறந்தே போயிட்டான். தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறான்" என்று ஜோடித்துச் சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்ததும் தையல் இழுத்ததுபோல, அம்மா என்று முனகினாள். அதைக் கேட்டபடியே அவர் துரை எங்கே கிடக்கிறது என்று முதல்முறையாகத் தேடிப் பார்த்தார்.

நான்காம் நாள், யாரும் இல்லாத வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீர் வைத்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். வாஷிங் மெஷின் சந்தில் சுருண்டு கிடந்த துரையின் மூக்குக்கு நேரே கிண்ணத்தை நீட்டினார்.

"சாப்பிடுறா ராசா. மானத்தை வாங்காதே."

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்கு நாள் பட்டினியில் பசியே செத்துப்போயிருந்தது. எப்போது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்? அந்த நிமிஷமே. அவரோ கிண்ணத்தை வழித்துப் பழைய பேப்பரில் சுருட்டி, வீட்டுக் குப்பைக்கூடையில் போட்டால் தங்கை பார்த்துவிடுவாள் என்று, தெருக்கோடித் தொட்டிவரை எடுத்துக்கொண்டு நடந்தார். எதிர்ப்பட்ட பால்காரர், "என்ன ஐஸ் மாமா, காலங்காத்தால?" என்றார். அவர் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஐம்பத்தாறு வயசு மனிதர், திருடிய பண்டத்தை ஒளிக்கிற பிள்ளைபோல. தன்னை நினைத்தே அவருக்குக் கூசியது. கூசி என்ன செய்ய? அன்று சாயங்காலமும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொன்னார். ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கையை அழைத்து வரும்போதும் அதையேதான் சொன்னார்.

வாசலில் கால் வைத்ததும் அவள் கூப்பிட்டாள். எப்போதும் சாவிச் சத்தத்துக்கே ஓடிவருகிற பூனை வரவில்லை. அவளுக்குக் குனிய முடியாது. அவர்தான் சந்துக்குள் கைவிட்டு எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்த அவள் மடியில் வைத்தார். தூக்கும்போது துணிப்பை மாதிரி கனமே இல்லை. அவள் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பா இருக்கானே" என்றாள். பிறகு, "காலையில ஒழுங்காச் சாப்பிட்டான்னு சொன்னியே?"

"சாப்பிட்டானே" என்றார்.

உடனே ஆட்டோ பிடித்துப் பூனை டாக்டரிடம் போனார்கள். அவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். துரையின் காதை மடக்கி வெளிச்சத்தில் பார்த்தார், ஈறைப் பார்த்தார்.

"உள்ள மஞ்சள் பூத்திருக்கு. கடைசியா எப்ப சாப்பிட்டுது?"

"இன்னிக்குக் காலையிலகூட சாப்பிட்டான் டாக்டர்" என்று தங்கை முந்திக்கொண்டு சொன்னாள். "எங்க அண்ணாதான் பார்த்துக்கிட்டாரு. ஒரு வேளை தவறலை."

"நாலஞ்சு நாள் பட்டினி கிடந்த பூனைக்குத்தான் ஈரல் இப்படிக் கெடும். நல்லாச் சாப்பிட்டிருக்குன்னா அது இல்லை. உள்ள கட்டியோ அடைப்போ இருக்கணும். மயக்கம் குடுத்துத் திறந்து பார்க்கணும்." டாக்டர் ஒரு காகிதத்தை மேஜையில் நகர்த்தினார். "இந்த வயசுல மயக்கத்துலேர்ந்து எழுந்திரிக்கிறது சந்தேகம்தான். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

டாக்டர் ஊசி எடுக்க உள்ளே போனார். தங்கை பேனாவை எடுத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து விறுவிறுவென்று டாக்டர் பின்னாலேயே உள்ளே போனார். அப்போதும் பாருங்கள், தங்கைக்குத் தெரியாமல் முடித்துவிட முடியுமா என்றுதான் கணக்கு.

"டாக்டர், அது சாப்பிடலை. அஞ்சு நாளா ஒண்ணுமே சாப்பிடலை. ஃப்ரிட்ஜுலேர்ந்து எடுத்து அப்படியே வெச்சேன். சூடு பண்ணணும்னு சொல்லிட்டுத்தான் போனா. நான் கேக்கலை."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "பூனை மூக்காலதான் சாப்பிடும். அதுவும் கிழட்டுப் பூனை. சில்லுன்னு இருந்தா வாசனையே வராது. வாசனை இல்லைன்னா அதுக்கு அது சாப்பாடே இல்லை."

மீனைத் திறந்து வைத்தாலும் வாசனை வராது என்று பீற்றிக்கொண்டவருக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"வெட்ட வேண்டாம் இல்லையா டாக்டர்?"

"வேண்டாம். சாப்பாட்டை ஊசிக்குழாயில எடுத்து வாயில ஊட்டணும். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பிழைக்க வழி இருக்கு. அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவர் நின்றார். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. எப்படியோ விழுங்கிவிட்டு வெளியே வந்தார். தங்கை பாதிக் கையெழுத்தில் நிமிர்ந்தாள்.

"போடாதேம்மா. அவன் சாப்பிடவே இல்லை. முதல் நாளிலேர்ந்தே. நான் சொன்னதெல்லாம் பொய்."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் தேவலாம். அவள் பேனாவை மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் பூனையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதைக் கேட்டுத்தாண்ணா தினமும் தூங்கினேன்" என்றாள்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. அவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

அவளால் குனிந்து ஊட்ட முடியாது. அதனால் ஊட்டுகிற வேலை அவர் தலையில்தான் விழுந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தங்கை வீட்டிலேயே கிடந்தார். வேளாவேளைக்கு வெந்நீர், கிண்ணம், விரல். துரையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். பாதி அவர் சட்டையில் வழிந்தது. தங்கை நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வேளையும் பார்த்தாள். பேசாமல் இல்லை. சாப்பிட்டியாண்ணா, படுத்துக்கோண்ணா என்று எப்போதும்போலத்தான் பேசினாள். ஆனால் துரை சாப்பிட்டானா என்று மட்டும் கேட்கவில்லை.

ஊட்டத் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை. அவள் படுக்கையில் இருந்தாள். அவர் சமையலறையில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஊசிக்குழாயைக் கழுவத் திரும்பினார். நக்குகிற சத்தம் கேட்டது. துரை தானாக வந்து, கால்கள் ஆட ஆட நின்று, தின்றுகொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கிண்ணம் காலியாகிற வரைக்கும் நின்றார்.

"துரை சாப்பிட்டாச்சும்மா" என்று அங்கிருந்தே சொன்னார். "முழுசாச் சாப்பிட்டுட்டான்."

அறையில் கட்டில் கிரீச்சிட்டது. தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்து நடந்து, அவள் கிண்ணத்தைப் பார்க்க வந்தாள். அவர் ஒதுங்கி வழி விட்டார்.