அந்த அம்மா அழவில்லை

எங்கள் பள்ளியில் கதையைப் படிக்காமலே கதையைப் பற்றிப் பத்தி எழுதலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துறைத்தலைவர் ஒரு கைடு போட்டிருக்கிறார். கருத்து, அதற்குச் சான்று வரி, விளக்கம் எல்லாம் அதில் தயாராக இருக்கும். பிள்ளைகள் நெட்டுருப் போட்டுத் தேர்வில் கக்குவார்கள். அந்த மனிதருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே கைடு சார்.

நான் மட்டும் என் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கச் சொல்வேன். "பாசம்னு எழுதுறியா, எழுது. எந்த வரி அப்படிச் சொல்லுதுன்னு விரலை வச்சுக் காட்டு" என்று உயிரை எடுப்பேன். உண்மையாகவே விரல் வைத்துப் படித்தவள் ஒருத்திதான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வகுப்பில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். சித்தி வீட்டில் வளரும் பெண். இந்தத் தேர்வில் தேறினால்தான் அடுத்த வருடம் இலக்கியப் பிரிவு, இல்லையென்றால் கணக்குப் பதிவியல். அவளுக்கு இலக்கியம் என்றால் உயிர்.

விடைத்தாள்களைத் திருத்தியவர் கைடு சார். தாயின் பாசத்தைச் சான்றுடன் விளக்கும் ஒரே ஒரு பத்திக்குப் பாதி மதிப்பெண். வகுப்பு முழுக்க அதில் அள்ளியிருந்தது. வக்கீலம்மாவுக்கு முட்டை. பக்கத்தில் சிவப்பு மையில் "சான்று தவறு" என்று எழுதியிருந்தார்.

கதையில் ஒரு தாய் மகனை வெளியூர் வேலைக்கு அனுப்புகிறாள். வக்கீலம்மா எடுத்துக் காட்டிய வரி இது: "அவன் தெருமுனை திரும்புவதற்குள் அவள் அவனுடைய கட்டிலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தையல் மெஷினை இழுத்துப் போட்டாள்." வெறுங்கட்டிலைப் பார்க்கத் தாங்காதவள்தான் இவ்வளவு அவசரப்படுவாள், இதுவும் பாசம்தான் என்று எழுதியிருந்தாள். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மற்ற எல்லோரும் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: "தாயின் கண்ணீர் ஆறாகப் பெருகியது." புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். அப்படி ஒரு வரியே கதையில் இல்லை. கைடில் இருந்தது.

வயிறெரிய ஆசிரியர் அறைக்குப் போய்ப் புத்தகத்தை மேஜையில் போட்டேன்.

"இந்தக் கண்ணீர் எந்தப் பக்கத்துல இருக்கு சார்?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "ஞாபகத்துல இருந்து எழுதினேன் மிஸ். இல்லைன்னா என்ன, இருந்திருக்க வேண்டிய வரிதானே."

எப்படி இருக்கிறது பாருங்கள். கதை எழுதியவர் மறந்துவிட்டாராம், இவர் நிரப்பிக் கொடுத்தாராம்.

"அப்போ இல்லாத வரிக்கு மார்க்கு, இருக்கிற வரிக்கு முட்டையா?"

"இத்தனை பேருக்கும் மார்க்கைக் குறைச்சா பெத்தவங்க சும்மா விடுவாங்களா? அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. தாய் அழுதாள்னு கடைசியில ஒரு வரி சேர்க்கட்டும், பாஸ் போட்டுடறேன்."

வந்தாள். விஷயத்தைச் சொல்லிப் பேனாவை நீட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் பேனாவை வாங்கவில்லை.

"அந்த அம்மா அழல சார்."

"பிள்ளையை அனுப்பிட்டு எந்த அம்மாவாவது அழாம இருப்பாளா? உனக்கென்ன தெரியும்?"

"எங்கம்மா என்னைச் சித்தி வீட்டு வாசல்ல விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போனாங்க. பார்த்திருந்தா போயிருக்க முடியாது சார். அழுதாங்கன்னு நான் எழுதினா, அழாதவங்களுக்கெல்லாம் பாசம் இல்லைன்னு ஆயிடும்."

அவள் குரல் பிசிறவில்லை. கைடு சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"சொந்தக் கதையெல்லாம் சான்று ஆகாதும்மா."

என் வாய் சும்மா இருக்குமா. "அவ சொந்தக் கதை சான்று இல்லை, நீங்க கட்டின கதை மட்டும் சான்றா? வெட்கமா இல்லையா சார்" என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, தாளையும் புத்தகத்தையும் தலைமையாசிரியரிடம் கொண்டு போனேன். அவர் இரண்டையும் திறக்கவே இல்லை. "ரிசல்ட்டை ஒட்டப் போற நேரம் மிஸ், விடுங்களேன்" என்று மழுப்பினார்.

புது வகுப்பு தொடங்கிய அன்று வக்கீலம்மா கணக்குப் பதிவியல் அறையில் உட்கார்ந்திருந்தாள். இலக்கிய வகுப்பில் என் முன்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் இல்லாத வரியை எழுதித் தேறியவர்கள்.