அரை கிரெடிட் கிடா

பொறுப்புணர்ச்சிக்கு எங்கள் ஊரில் விலை அரை கிரெடிட். உயர்நிலைப் பள்ளியின் விவசாய மாணவர் சங்கத்தில் சேர்ந்து, நீல ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு செம்மறிக் கிடாவைத் தன் கையாலேயே வளர்த்து, ஜனவரி மாத மாவட்டக் கால்நடைக் கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த அரையைப் போட்டுக் கொடுப்பார்கள். பள்ளி முடிக்கத் தேவையான கிரெடிட் கணக்கில் அது குறைந்தால் மே மாதம் பட்டம் கிடையாது. கணக்கில் தேறாமல் கிடாவால் தேறியவர்கள் மேற்கு டெக்சாஸில் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. என் தம்பியே அப்படித் தேறியவன்தான். இன்று அவன் வங்கி மேலாளர். என் பணம் அந்த வங்கியில் இல்லை.

நான் தீவனக் கடைக்காரி. அப்பா மாட்டுத் தரகர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று ஊர் சொல்லும். அப்பாவோ அந்த மாட்டின் பல்லைத்தான் முதலில் பார்ப்பார். விலை சொல்லி வந்த மாட்டின் குறை விலையிலேயே தெரிந்துவிடும், சும்மா வந்ததன் குறையை நாம்தான் தேட வேண்டும் என்பார். அந்த வளர்ப்பில் வளர்ந்த எனக்கு டிராவிஸின் கிடாவைப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் சரியில்லை.

டிராவிஸ் ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பையன். செப்டம்பரில் அவன் அப்பா தண்ணீர் இறைக்கும் காற்றாடிக் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அன்று முதல் பள்ளி விட்டதும் பையனின் வண்டி நெடுஞ்சாலை டயர் கடை வாசலில்தான் நிற்கிறது. இருட்டிய பிறகுதான் நகர்கிறது. ஆனால் அவனுடைய பிஸ்கட் என்கிற கிடாவுக்குத் தொடை கல் மாதிரி இருந்தது. தீவனத்தால் வருகிற சதை அல்ல அது. தினமும் யாரோ அதை மேட்டில் நடத்தியிருக்க வேண்டும். நெஞ்சை ஆளின் முழங்காலில் முட்டி, கால் ஊன்றி நிற்கப் பழக்கியிருக்க வேண்டும். நடுவர் முதுகைத் தடவும்போது அப்படி நின்றால்தான் சதை இறுகித் தெரியும். கூலிக்குப் பழக்கித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய பண்ணை வீடுகளுக்குச் சத்தமில்லாமல் வந்து போவார்கள். இந்த வீட்டில் அதற்கேது பணம்?

என் வீட்டில் வேறொரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் டெல்லா தன் கிடா டியூக்குக்குத் தீனி வைத்துவிட்டு, ஓடப் போகிறேன் என்று சாயங்காலம் கிளம்புவாள். திரும்பும்போது காலுறை முழுக்க ஒட்டுமுள். எங்கள் நிலத்தில் ஒட்டுமுள் கிடையாது, மருந்தடித்து வைத்திருக்கிறேன். ஓடைக்கு அப்பால் மணலில்தான் அது முளைக்கும். பையன் விவகாரம் என்று முடிவு கட்டினேன். டிராவிஸாக இருக்க முடியாது, அவன்தான் டயர் கடையில் இருக்கிறானே. இப்படி இரண்டு சந்தேகங்களையும் தனித்தனிப் பையில் போட்டு முடிந்து வைத்திருந்தேன்.

கண்காட்சிக் கொட்டகையில் மரத்தூள் வாசனையும் மயிர் வெட்டும் கருவிகளின் இரைச்சலும். டியூக்கும் பிஸ்கட்டும் ஒரே எடைப் பிரிவு. நான் நேராக விவசாய ஆசிரியர் ரூபனிடம் போனேன். ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள்.

"ரூபன், அந்தக் கிடாவைப் பழக்கினது அந்தப் பையன் இல்ல."

"உன் கண்ணுக்கு எவன்தான் யோக்கியனா தெரிஞ்சிருக்கான், ரோண்டா? கல்யாணத்தன்னைக்கே பாதிரியார்கிட்ட ரசீது கேட்டவளாச்சே நீ."

"கேட்டேன், குடுத்தாரு. ரசீது இன்னும் இருக்கு. புருஷன்தான் இல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரூபன் சிரிக்கவில்லை.

"பாவம், விட்டுடு. ஜூன்ல கரண்டு லைன்மேன் பயிற்சிக்குப் போகணும் அவன். பட்டம் இல்லன்னா சேக்க மாட்டாங்க."

"கயித்தக் கழட்டச் சொல்லு. கிடா முட்டி நின்னுடுச்சுன்னா உன் பள்ளிக்கூடத்துக்குப் பத்து மூட்டை தீவனம் என் செலவு."

நாலு பேர் காதில் விழுந்துவிட்டது. இனி அவனால் மறுக்க முடியாது. டிராவிஸைக் கூப்பிட்டான். பையன் வந்து கயிற்றை அவிழ்த்து, டயர் கறை போகாத கைகளால் கிடாவின் தாடையைப் பிடித்துத் தன் முழங்காலை அதன் நெஞ்சுக்குக் கொடுத்தான். கிடா பின்வாங்கியது. இன்னொரு முறை கொடுத்தான். தலையைத் திருப்பிக்கொண்டது.

"டேய் தம்பி, கடன் கேட்டு வந்தவனப் பாக்குற மாதிரில்ல பாக்குது உன்னய!" என்று யாரோ கத்தினார்கள்.

கிடா திமிறியது, கையிலிருந்து நழுவியது, ஓடியது. குளிப்பாட்டும் இடத்தில் டியூக்கைக் கழுவிக்கொண்டிருந்த டெல்லாவிடம் போய் நின்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ... போடா அந்தப் பக்கம்" என்று முணுமுணுத்தபடி முழங்காலால் தள்ளினாள். அந்தத் தள்ளலுக்குத்தானே அது பழகியிருந்தது. கால் நான்கையும் ஊன்றி, நெஞ்சை அவள் முழங்காலில் அழுத்தி, சிலை மாதிரி நின்றுவிட்டது. தள்ளத் தள்ள இன்னும் இறுகியது.

என் இரண்டு பைகளும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன.

"எப்போலேருந்து, டெல்லா?" என்றான் ரூபன்.

"அவங்கப்பா விழுந்ததுலேருந்து."

என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாம எந்த மடச்சி இந்தக் குளிருல ஓடையத் தாண்டுவா?"

"இப்படி வெல கேப்பேன்னுதான் உன்கிட்ட சொல்லல."

டிராவிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அவ மேல தப்பு இல்ல மேடம். நானே வளத்தேன்னு கையெழுத்துப் போட்டது நான்தான். அந்த டயர் கடைச் சம்பளத்துலதான் வீட்டுல அடுப்பு எரியுது."

ரூபன் பிஸ்கட்டின் பட்டியில் தொங்கிய பெயர் அட்டையைக் கழற்றினான். "கிடா உன் பேருல நிக்க முடியாது. அதுக்கான அரை கிரெடிட்டும் போச்சு." பையன் தலையாட்டினான். அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிறகு ரூபன் என் பக்கம் திரும்பினான். "கிடா மட்டும்தான்னு இல்ல. விவசாயத்தோட சேந்த கடையில சம்பளத்துக்கு வேலை பாத்தாலும் கிரெடிட் உண்டு. டயர் கடை அதுல வராது. தீவனக் கடை வரும். இன்னிக்கே ஆரம்பிச்சா மே மாசத்துக்குள்ள மணிக்கணக்கு தேறிடும். உனக்குத் தெரிஞ்ச தீவனக் கடை ஏதாச்சும் இருக்கா?"

ஊரில் இருப்பதே ஒன்றுதான். இவ்வளவு தயாராக வந்து விழுகிறதே, இவனுக்கு எல்லாம் முன்பே தெரியுமோ?

"டயர் கடைக்காரன் மணிக்கு என்ன தர்றான்?"

"பன்னெண்டு டாலர், மேடம்."

"பத்து."

"பதினாலு," என்றாள் டெல்லா. "இல்லன்னா டியூக்க நான் போட்டி வளையத்துக்குள்ளயே ஏத்த மாட்டேன்."

என் ரத்தம்தான்; அதில் மட்டும் சந்தேகமில்லை. பதிமூன்றில் முடித்தோம்.

இப்போது மார்ச். டிராவிஸ் மூட்டை இறக்குகிறான், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேரத்துக்கு வருகிறான், சில்லறை சரியாக இருக்கிறது, நான் இல்லாதபோதும் கடையைப் பெருக்குகிறான். பல்லைப் பிடித்துப் பார்த்தாயிற்று, சொத்தை எதுவும் தென்படவில்லை. அதுதான் இடிக்கிறது. டெல்லா இன்னும் ஓடை தாண்டுகிறாள். பிஸ்கட்டுக்கு இனிக் கண்காட்சி இல்லை, பரிசு இல்லை, கிரெடிட்டும் இல்லை.

"இப்ப எதுக்குடி போற?" என்றேன்.

"அதுக்குப் பசிக்கும்லம்மா."

நேற்றுச் சாயங்காலம் கடை அடைத்ததும் கணக்கு முடித்தேன். டியூக்குக்கு நாலாம் இடம். பையனுக்கு நான் இன்னும் கையெழுத்துப் போட வேண்டிய மணிநேரம் நிறைய. மணிக்கு ஒரு டாலர் டயர் கடையை விட அதிகம். தீவனம் பத்து மூட்டை பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று; 'கிடா முட்டி நின்னுச்சா இல்லையா? யார் முழங்காலுன்னு நீ சொல்லவே இல்லையே' என்று ரூபன் வண்டியோடு வந்து நின்றுவிட்டான். இவ்வளவும் செலவுப் பக்கம். வரவுப் பக்கத்துக்கு, டெல்லாவின் காலுறையிலிருந்து நான் பிடுங்கி எடுத்த ஒட்டுமுள் ஒரு பிடி, கல்லாப்பெட்டி மேல் கிடக்கிறது.